வேண்டாம் என்று சொல்ல முடிகிற தொண்டு: அலுவலகத் தன்னார்வப் பணி, நன்கொடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஒன்பது வருடமாக எங்கள் அலுவலகத் தன்னார்வலர் குழுவையும் கவனித்துக்கொள்கிறேன். வேறு நிறுவனங்களில் இதே பொறுப்பு தலையில் விழுந்த நண்பர்கள் போனில் கேட்பதும், எங்கள் ஆட்களே கேன்டீனில் நிறுத்திக் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். சட்டம் தொடர்பான இடங்களில் சட்டம் சொல்வதைச் சொல்லியிருக்கிறேன், மற்றதெல்லாம் பட்டறிவு.

வருடத்துக்கு ஒரு நாள் மரம் நடுகிறோம். இதனால் அலுவலகச் சூழல் மாறுமா?

மாறாது. ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு பேருந்தில் போகிறோம், குழி ஏற்கெனவே வெட்டியிருக்கும், கன்றை வைத்து மண்ணைத் தள்ளுகிறோம், போட்டோ எடுத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். மறுநாள் அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கேட்க ஆள் இருக்காது. நாங்களும் அப்படி நட்டிருக்கிறோம். அடுத்த மே மாதம் அதே இடத்துக்குப் போனபோது முட்டுக் கொடுத்த மூங்கில் குச்சிகள் வரிசையாக நின்றன, கன்றுகள் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த வருத்தத்தில்தான் ஒரு முடிவு எடுத்தோம்: இனி புது இடம் தேட வேண்டாம், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவோம்.

அந்த ஒரு முடிவுதான் எங்கள் அலுவலகத்தையும் மெல்ல மாற்றியது. திரும்பப் போகிற இடத்தில்தான் நம்மை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், போன வாரம் சொன்ன சொல்லை இந்த வாரம் நினைவுபடுத்துவார்கள், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

அப்படி என்னதான் மாறியது? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

கண்ணகி நகரில் சனிக்கிழமை காலை கணக்கு வகுப்பு நடத்துகிறோம். ஊர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சென்னை நகருக்குள் ஆற்றோரத்திலும் சாலையோரத்திலும் குடிசைகளில் இருந்த குடும்பங்களை 2000-ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்து குடியமர்த்திய அடுக்குமாடிக் குடியிருப்பு அது. துரைப்பாக்கத்துக்குப் பக்கம், எங்கள் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து கூப்பிடு தூரம். ஓ.எம்.ஆர் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிற பெண்கள், வாசலில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணன்கள் பலர் அங்கிருந்துதான் வருகிறார்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்தும் தெரியாத மாதிரிதான் இருந்தோம்.

வகுப்பில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பின்னம் என்றால் பயம், கீழே இருக்கிற எண் பெரிதானால் பின்னமும் பெரிதாகும் என்று பிடிவாதமாக நம்பினாள். எங்கள் டீம் லீட் ஒருவர் ஆறு வாரம் அவளோடு உட்கார்ந்து, காகிதத்தை மடித்து மடித்துக் காட்டி அதைப் புரியவைத்தார். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் பெற்றோரை வரச்சொன்னோம். அந்தப் பெண்ணின் அம்மா வந்து நின்றதும் இவர் எழுந்துவிட்டார். எங்கள் நான்காவது மாடியில் தினமும் காலை ஏழு மணிக்கு அவருடைய மேசையைத் துடைக்கிற அக்கா அவர். நான்கு வருடமாகப் பார்க்கிற முகம். அன்றைக்குத்தான் அவர் பெயரைக் கேட்டார்.

அந்த அக்கா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "சார், நீங்கதானா அந்தக் கணக்கு அண்ணா? பாப்பா தினமும் சொல்லும்."

அடுத்த திங்கட்கிழமை மதியம் அந்த டீம் லீட் செய்த முதல் வேலை, ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று போய்ப் பார்த்தது. தரைத்தளத்துக்குக் கீழே, ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்துப் படிக்கட்டில். கேன்டீனுக்குள் வரக்கூடாது என்று எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. ஆனால் யாரும் வந்ததில்லை, யாரும் வரச்சொன்னதும் இல்லை. அதைச் சரிசெய்ய ஏறக்குறைய ஏழு மாதம் ஆனது. ஒப்பந்ததாரர், கட்டட நிர்வாகம், எங்கள் நிர்வாகப் பிரிவு என்று ஒவ்வொருவரிடமும் பேச வேண்டியிருந்தது. இப்போது ஒரே கேன்டீன், ஒரே மேசைகள். அப்புறம் அவர்களுக்கு பி.எஃப், இ.எஸ்.ஐ ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று ஒப்பந்ததாரரிடம் மாதாமாதம் சலான் கேட்கிற வழக்கமும் வந்தது.

அலுவலகச் சூழல் மாறுவது என்று நான் சொல்வது இதைத்தான். போஸ்டரில் வராது, ஆண்டறிக்கையிலும் வராது. வெளியே ஒருவரை மனிதராகப் பார்க்கப் பழகிய கண், உள்ளே வந்தபிறகும் அப்படியே பார்க்கிறது.

இதெல்லாம் சி.எஸ்.ஆர், அதாவது நிறுவனச் சமூகப் பொறுப்புதானே? கம்பெனி செய்ய வேண்டிய கடமை, நாங்கள் ஏன் நேரம் செலவழிக்க வேண்டும்?

இரண்டும் வேறு. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அது நிறுவனத்தின் பணம், நிறுவனத்தின் கடமை. உங்கள் சனிக்கிழமை உங்களுடையது. அதைக் கொடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நிதியாண்டு மார்ச்சில் முடிவதால், செலவழிக்காத பணத்துக்கு பிப்ரவரி, மார்ச்சில்தான் பல இடங்களில் அவசரம் வருகிறது. ஒரு அரசுப் பள்ளித் தலைமையாசிரியை என்னிடம் சொன்னார், ஒரே மாதத்தில் இரண்டு நிறுவனங்கள் வந்து அதே சுற்றுச்சுவருக்கு வண்ணம் அடிக்கக் கேட்டார்களாம். அவருக்குத் தேவைப்பட்டது கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய். சுவர் என்றால் போட்டோவில் நன்றாக வரும், குழாய் வராது. பள்ளியில் யாருக்கு என்ன வேண்டும் என்று அங்கே இருப்பவரைக் கேட்காமல் போகாதீர்கள், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஊழியர்கள் செலவிட்ட மணிநேரத்தை ரூபாயாக்கி அந்த 2 சதவீதத்தில் காட்டலாமா?

கூடாது. ஊழியர்களை ஈடுபடுத்துவதை நிறுவன விவகார அமைச்சகம் வரவேற்கிறது, ஆனால் அவர்கள் இலவசமாகக் கொடுத்த உழைப்புக்கு விலைபோட்டு சி.எஸ்.ஆர் செலவாகக் காட்ட முடியாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அதேபோல நிறுவனத்தின் ஊழியர்களுக்குப் பயன்படும் வேலைகளும் கணக்கில் வராது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். மணிநேரத்துக்கு விலை வந்துவிட்டால், யார் எத்தனை மணிநேரம் என்று டீம்களுக்கு இலக்கு வைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

வெள்ள நிவாரணத்துக்கு எல்லோரிடமும் ஒரு நாள் சம்பளம் பிடிக்கப்போகிறோம். விருப்பமில்லாதவர்கள் மட்டும் மெயில் அனுப்பட்டும் என்று ஹெச்.ஆர் சொல்கிறது. சரிதானே?

சரியில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் இது தவறு.

கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். அரசு ஊழியர்கள் ஒரு மாதச் சம்பளத்தை முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்று அரசு கேட்டது. 'சாலரி சேலஞ்ச்' என்று பேர். தவணையில் கொடுக்கலாம், ஆனால் கொடுக்க விரும்பாதவர் அதை எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த எழுதிக்கொடுக்கிற பகுதியை கேரள உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அரசு மேல்முறையீடு போனது, அந்த அக்டோபர் கடைசியில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. வெள்ளம் எத்தனை கொடுமையானது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கேள்வி அதுவல்ல. கொடுக்க முடியாதவர் தன் பெயரைத் தானே எழுதி மேலதிகாரி கையில் கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

நம் அலுவலகத்திலும் இதே கதைதான். இரண்டு லட்சம் வாங்குபவருக்கு ஒரு நாள் சம்பளம் போனால் தெரியாது. இருபத்தைந்தாயிரம் வாங்கி, அதில் வண்டி இ.எம்.ஐ, ஊருக்கு அனுப்புகிற பணம், தங்கையின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் போக மாதக் கடைசியில் ஐந்நூறு ரூபாயோடு நிற்கிற பையனுக்கு அது பெரிது. அவன் மெயில் அனுப்ப மாட்டான், மேனேஜர் பார்ப்பாரே. பேசாமல் கொடுத்துவிட்டு மனதுக்குள் நொந்துகொள்வான். அப்படி வந்த பணத்தில் தொண்டு நடக்கும், ஆனால் அலுவலகத்தின் மேல் அவனுக்கு இருந்த பிரியம் போய்விடும்.

நாங்கள் செய்வது இது. கொடுக்க விரும்புகிறவர் படிவத்தில் தொகையைத் தானே எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். பத்து ரூபாயும் எழுதலாம். படிவம் போடாவிட்டால் எதுவும் பிடிப்பதில்லை. யார் எவ்வளவு என்ற பட்டியல் சம்பளப் பிரிவில் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும், எந்த மேனேஜருக்கும், எனக்கும்கூடத் தெரியாது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், காரணம் கேட்பதில்லை. ஊழியர் கொடுக்கிற அளவுக்கு நிறுவனமும் சேர்த்துக் கொடுக்கிறது. இப்படி மாற்றிய முதல் மாதம் தொகை குறைந்தது, நிர்வாகத்தில் சிலருக்கு வருத்தம். பொறுத்திருந்தோம். இரண்டாவது வருடம் பழைய அளவைத் தாண்டிவிட்டது.

வரிச்சலுகை உண்டா?

நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு உள்ள அமைப்புக்குக் கொடுத்தால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு உண்டு. பல அமைப்புகளுக்குக் கொடுத்த தொகையில் பாதிக்கு, அதற்கும் உச்சவரம்பு வைத்து. பிரதமர் தேசிய நிவாரண நிதி, முதலமைச்சர் பொது நிவாரண நிதி போன்றவற்றுக்கு முழுத் தொகைக்கும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது, அதனால் வங்கி வழியாகவே கொடுங்கள். அமைப்பிடமிருந்து சாதாரண ரசீதோடு நிறுத்தாமல், வருமான வரித்துறைத் தளத்திலிருந்து எடுத்துத் தருகிற நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். புதிய வரி முறையில் இந்தச் சலுகை இல்லை, இளம் ஊழியர்கள் பலர் அதில்தான் இருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம். இல்லாவிட்டால் பிப்ரவரியில் வந்து சண்டை போடுவார்கள்.

நிறுவனத் தரப்பில் ஒரு சின்ன விஷயம்: பிரதமர் தேசிய நிவாரண நிதிக்குக் கொடுப்பது சி.எஸ்.ஆர் கணக்கில் வரும், முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் கொடுப்பது வராது. ஊழியர்கள் சேர்த்த பணத்துக்கும் நிறுவனத்தின் பணத்துக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தால் குழப்பமே இல்லை.

புயல், வெள்ளம் வந்தால் அலுவலகமாக என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் ஆட்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று பாருங்கள், ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்து. 2015 டிசம்பரில் இதை நாங்கள் செய்யவில்லை. நிரந்தர ஊழியர் எல்லோருக்கும் போன் போட்டோம், செக்யூரிட்டி அண்ணன் ஒருவர் முடிச்சூரில் மொட்டைமாடியில் இரண்டு நாள் இருந்தது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி எல்லாம் மூழ்கியபோது பட்டியலில் எல்லோர் எண்ணும் இருந்தது.

இரண்டாவது, பழைய துணி சேகரிக்காதீர்கள். கிழிந்தது, துவைக்காதது எல்லாம் மூட்டையாக வரும், அதைப் பிரிக்கவே இருபது பேர் வேண்டும், கடைசியில் சாலையோரத்தில் கிடக்கும். புதுப் பாய், போர்வை, நாப்கின், குழந்தைக்கு உள்ளாடை, கொசுவலை, பிளீச்சிங் பவுடர், துடைப்பம் வாங்குங்கள். தண்ணீர் வடிந்தபிறகு வீட்டுக்குள் கணுக்கால் வரை சேறு இருக்கும், அந்த நேரம் துடைப்பம்தான் பெரிய உதவி.

மூன்றாவது, நமக்குத் தெரிந்த வேலையைச் செய்யலாம். 2015-இல் மூழ்கிய தெருக்களை மக்களே குறித்துக்காட்டிய இணைய வரைபடமும், யாருக்கு எங்கே படகு வேண்டும், எங்கே சோறு இருக்கிறது என்று இரவெல்லாம் புதுப்பித்துக்கொண்டிருந்த எக்செல் தாள்களும் பலருக்குக் கைகொடுத்தன. உட்கார்ந்த இடத்தில் செய்த வேலை என்றாலும் அதுவும் தொண்டுதான்.

ரத்த தான முகாம் வைக்கலாமா?

தாராளமாக வையுங்கள். ஆனால் எப்போது என்று ரத்த வங்கியைக் கேளுங்கள். நிறுவன ஆண்டு விழாவுக்கு, முதலாளி பிறந்தநாளுக்கு என்று நம் வசதிக்கு வைத்தால் சில வாரங்களில் குவியும். ரத்தத்தை எல்லாக் காலமும் வைத்திருக்க முடியாது. சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம், தட்டணுக்கள் ஐந்தே நாள். கல்லூரிகள் மூடியிருக்கிற கோடையில்தான் பஞ்சம் வரும். நாங்கள் மே மாதத்தில் வைக்கிறோம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5.

இந்த 12.5 பற்றி ஒரு வார்த்தை. எங்கள் முதல் முகாமில் வரிசையில் நின்ற பெண்களில் நிறைய பேரை, விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, அளவு குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். எல்லோர் முன்னாலும் எண்ணைச் சத்தமாகச் சொன்னார்கள். ஆசையோடு வந்த ஒரு பெண் கண்கலங்கிப் போனாள். அடுத்த முகாமிலிருந்து பரிசோதனையைத் தனி அறைக்கு மாற்றினோம், குறைவாக இருப்பவர்கள் பேச ஒரு மருத்துவரையும் உட்காரவைத்தோம். இப்போது கொடுக்க வருகிறவர்களைவிட அந்த மருத்துவரைப் பார்க்க வருகிறவர்கள் அதிகம் என்று சொல்லலாம், அதிலும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள். ரத்தம் கொடுத்தவர்களுக்கு மட்டும் கேன்டீனில் கைத்தட்டு என்று ஒரு வழக்கம் இருந்தது, அதையும் நிறுத்திவிட்டோம்.

கூட்டமாகப் போகப் பிடிக்காதவர்கள், கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடம் வாசித்துப் பதிவு செய்வது. வீட்டில் இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம். எங்கள் டெஸ்டிங் டீமில் யாரிடமும் அதிகம் பேசாத ஒருவர் இரண்டு வருடத்தில் வரலாற்றுப் பாடநூல்கள் பலவற்றை இப்படி வாசித்து முடித்தார். தேர்வில் அவர்களுக்காக எழுதப் போகவும் பலர் ஆசைப்படுகிறார்கள். அதற்குத் தேர்வு நடத்துபவரின் விதியைக் கேட்டுவிட்டுப் போங்கள். மாணவரே அழைத்துவருகிற ஸ்க்ரைப் (அவருக்காக எழுதுபவர்), மாணவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்று 2018 மத்திய அரசு வழிகாட்டுதல் சொன்னது, 2025-இல் அது திருத்தப்பட்டது. எப்படியும் பொறியாளர்களாகிய நாம் நிறையத் தேர்வுகளுக்குத் தகுதியே ஆக மாட்டோம். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் சொல்லச்சொல்ல எழுதும் பயிற்சிக்குப் போகலாம். ஸ்க்ரைப் வைத்து எழுதுபவருக்கு ஒரு மணிநேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, அந்த நேரக் கணக்கைப் பழகுவதே அவர்களுக்குப் பெரிய ஒத்திகை.

இன்னொன்று ஆமை நடை. ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கடற்கரையோரம் நடந்து, பங்குனி ஆமைகள் இட்ட முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கும் வேலையை ஒரு மாணவர் அமைப்பு 1988 முதல் செய்துவருகிறது. டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் கூடாது. இருட்டில் ஆறேழு கிலோமீட்டர் யார் பக்கத்தில் நடக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் நடக்கிறபோது பதவி எல்லாம் எங்கே நிற்கும்?

தன்னார்வப் பணிக்கு அப்ரைசலில் மதிப்பெண் கொடுக்கலாமா?

வேண்டாம். கொடுத்தீர்கள் என்றால் வராதவருக்குக் குறைத்தீர்கள் என்று அர்த்தம். வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் மாமியாரோ இருக்கிற பெண்ணால் சனிக்கிழமை வர முடியாது. அவள் செய்வது தொண்டு இல்லையா? வருடத்துக்கு இரண்டு நாள் வேலை நேரத்திலேயே போக அனுமதி கொடுங்கள், அது எல்லோருக்கும் பொருந்தும். எங்கள் அலுவலகத்தில் அப்படிக் கொடுத்தபிறகு வந்த புதியவர்களில் முக்கால்வாசி பெண்கள்.

மேனேஜர்கள் வர வேண்டுமா?

வரலாம், ஆனால் அங்கே போய் மேனேஜராக இருக்கக் கூடாது. எங்கள் வகுப்பைப் பொறுத்தவரை போன வருடம் சேர்ந்த பையன்தான் பொறுப்பாளர், டைரக்டர் அவனிடம் கேட்டுக்கொண்டு சாக்பீஸ் வாங்கி வருவார். இது அலுவலகத்துக்குள்ளும் வேலை செய்கிறது. கூட்டத்தில் வாய் திறக்காத அந்தப் பையன், 'சார், இந்தத் தேதிக்கு முடியாது' என்று முதல்முறை சொன்னது அதற்குப் பிறகுதான்.

போட்டோ எடுக்கலாமா? பெரிய காசோலை அட்டை?

குழந்தைகள் முகம் தெரிகிற போட்டோ வேண்டவே வேண்டாம். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று அங்கே உள்ள பிள்ளைகள் சொல்வார்கள். நாளைக்கு அந்தப் பெண் நம் பக்கத்து நிறுவனத்துக்கே வேலைக்கு வரும்போது, கையில் நோட்டுப் புத்தகம் வாங்குகிற படம் இணையத்தில் கிடைக்கக் கூடாது. அட்டைக் காசோலைக்கு ஆகிற செலவில் இரண்டு கணக்குப் பெட்டி வாங்கலாம்.

எங்கள் நிறுவனம் நன்கொடை நிறையக் கொடுக்கிறது. ஆனால் இரவு பதினொன்று வரை உட்காரவைக்கிறது. நான் இந்தத் தொண்டுக் குழுவில் சேர வேண்டுமா?

இந்தக் கேள்வி எனக்கு வருடாவருடம் வருகிறது. சேருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. உள்ளே இருப்பவரைக் கசக்கிவிட்டு வெளியே கொடுக்கிற பணத்தால் அந்த அலுவலகத்தின் சூழல் நல்லதாகிவிடாது, ஊழியர்களுக்கு அது நன்றாகவே தெரியும், வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். உங்கள் நேரத்தை நேரடியாக ஒரு நல்ல அமைப்புக்குக் கொடுங்கள், நிறுவனத்தின் பெயரில் வேண்டாம். குழுவில் ஏற்கெனவே இருந்தால், அந்தக் கூட்டத்திலேயே வேலை நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். எங்கள் கேன்டீன் விஷயம் அப்படி ஒரு கூட்டத்தில்தான் முதலில் வந்தது.

நாங்கள் பன்னிரண்டு பேர்தான். சட்டமும் எங்களுக்குப் பொருந்தாது. ஏதாவது செய்ய முடியுமா?

உங்களுக்குத்தான் சுலபம். பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். பணமாகவோ பொருளாகவோ கொடுப்பதென்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகவும் கொடுக்கலாம்.

எந்த அமைப்போடு சேர்வது என்று எப்படி முடிவு செய்வது?

பதிவு, 80ஜி, தணிக்கை அறிக்கை எல்லாம் பாருங்கள். நிறுவனத்தின் சி.எஸ்.ஆர் பணம் போவதென்றால் நிறுவன விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், 2021 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். இதையெல்லாம்விட நான் கவனிப்பது ஒன்று: நாற்பது பேர் ஒரே நாளில் வருகிறோம் என்று சொன்னதும் தயங்குகிறார்களா? தயங்கினால் நல்ல அமைப்பு. குழந்தைகளோடு வேலை என்றால் உங்கள் அடையாள அட்டையை, பின்னணியைக் கேட்க வேண்டும், தனியாக ஒரு குழந்தையோடு விடக் கூடாது. கேட்காமல் உள்ளே விடுகிற இடத்துக்கு நான் யாரையும் அனுப்புவதில்லை.

சரி, வகுப்புக்கு முதல்முறை போகிறேன். என்ன கொண்டுபோக வேண்டும்?

எதுவும் வேண்டாம். சாக்லேட் வேண்டாம், வாங்கிப் பழகினால் அடுத்து வருபவரின் பையைத்தான் பார்ப்பார்கள். ஐடி கார்டைக் கழற்றிப் பையில் போடுங்கள். ஒன்பதரைக்கு வகுப்பு என்றால் ஒன்பதே காலுக்கு இருங்கள், பாய் விரிக்க ஆள் வேண்டும். முதல் நாள் கற்றுக்கொடுக்க வேண்டாம், ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அது எப்படிக் கணக்குப் போடுகிறது என்று மட்டும் பாருங்கள். கிளம்பும்போது 'அடுத்த வாரம் வருவீங்களா?' என்று கேட்கும். நிச்சயமாக வர முடியும் என்றால் மட்டும் வருகிறேன் என்று சொல்லுங்கள்.